மூன்று துகள்களின் தோல்

"மறுபடியும் அதே எண்ணா?"

"அதேதான். மூணாவது துகளும்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் டெலியா ட்ரெவின்யோ. ஹூஸ்டன் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று நிலாத் துகள்கள். பல்லாயிரம் ஆண்டுகளாகச் சூரியக் காற்று மோதி மோதி, ஒவ்வொன்றின் மேலும் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு ஒரு சிதைந்த தோல் உண்டாகியிருந்தது. அந்தக் காற்றோடு வந்த ஹைட்ரஜன் கல்லின் ஆக்சிஜனைப் பிடித்து நீராகிறது. அதை நிரூபிப்பதுதான் அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி. தோலில் நீர் இருந்தது. மே மாதம் கேக்கே வெட்டினார்கள்.

அந்த நீர் யாருடையது என்பது இன்றைய சோதனை. சூரியன் தன் கன ஹைட்ரஜனை, அதாவது டியூட்டீரியத்தை, எப்போதோ எரித்துத் தீர்த்துவிட்டது; அதன் காற்றில் பிறந்த நீரில் அது இருக்கவே கூடாது. இந்த நீரிலோ, கடல்நீரில் இருக்கும் அதே அளவு.

"இது நிலாத் தண்ணி இல்ல, ட்ரெவின்யோ. பக்கத்துக் கால்வெஸ்டன் பீச்சுத் தண்ணி," என்று சிரித்தான் கருவி ஓட்டும் பூட்ரோ. "துகள் வைக்கிற நைட்ரஜன் பெட்டியில ஓட்டையா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் வெளிய எடுத்தேன்."

அவன் சிரிப்பு நின்றது.

பெட்டிக்குள் ஈரமே கிடையாது. ஊசியால் தொடப்போனால் துகள் நிலைமின்சாரத்தில் வெட்டுக்கிளியாய்த் துள்ளும். ஹூஸ்டனின் புழுக்கமான காற்றில் வைத்தால் சமர்த்தாக உட்காரும். பத்து நிமிடம்தான் வைத்தாள், காற்றின் ஈரம் தோலில் ஊற அது போதும். மூன்று முறை.

"நோட்டுல எழுதினியா?"

"இல்ல."

"அப்ப யாருக்குத் தெரியப்போகுது? வால்மீன் கொண்டுவந்த தண்ணின்னு எழுதிடு, அதுலயும் கன ஹைட்ரஜன் இருக்கும். நம்புவாங்க."

"நீ நம்புவியா?"

"அடப்போ, என்னை எதுக்கு இழுக்குற?"

மறுபடி அளக்கவும் வழியில்லை. கருவியின் அயனிக் கற்றை அளக்கும்போதே தோலை அரித்துவிட்டிருந்தது. டெலியா தன் பேராசிரியருக்கு எழுதினாள்: வெளியே எடுத்தேன், இத்தனை நிமிடம், முடிவுகளைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பியும்விட்டாள். பூட்ரோ அவள் நாற்காலி முதுகை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. இனித் துகள் கேட்க வேண்டாம், நிலாக்கல் காப்பகத்தார் கொடுக்க மாட்டார்கள்.

பூமியின் பங்கைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று டெலியா கணக்குப் போட்டாள். மிஞ்சியது, இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாதபடி, அளவீட்டுப் பிழை எல்லைக்குள் அமுங்கிப்போனது. திருத்திப் போட்டாள். அப்போதும் அப்படியே.

படிக்கும் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள், அந்த நீரில் சூரியனுடையது கொஞ்சமாவது இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?