சாமியறையாய்ப் போன வாசிப்பறை

ஜீவராணி டீச்சர் அந்த அறையை ஆசை ஆசையாகத்தான் அமைத்தார். இலங்கை மலையகத்தில், றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. அவர் படித்ததும் அங்கேதான். அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு நூலகம் வருகிறதென்றால் சும்மாவா? ஹட்டனிலிருந்து கண்ணாடி அலுமாரிகள் வந்தன. புத்தகங்களுக்கெல்லாம் உறை போட்டார். வாசலுக்கு நேரே பெரிய சரஸ்வதி படம், மாலை, குத்துவிளக்கு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரவேண்டும், கை கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும் என்று கதவில் எழுதியும் ஒட்டினார். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கண்பட்டுவிடும் என்றார்கள்.

பட்டுத்தான் விட்டது. பிள்ளைகள் வந்தார்கள், வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பரீட்சை நெருங்கியதும் கூட்டம் அம்மியது. விளக்கடியில் பேனையை வைத்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். புத்தகத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

பாடசாலை அதிபர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். பொல்லாதவர் அல்ல, கறாரானவர்.

"ஒரு புத்தகமும் வெளிக்கிடேல்லை எண்டால் இந்த அறை என்னத்துக்கு டீச்சர்? ஆசிரியர்மாருக்கு இருக்க இடமில்லை. இந்தப் பள்ளித் தவணை முடியட்டும், அவையளுக்குக் குடுப்பம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ஜீவராணிக்குச் சுட்டது.

மறுநாள் நல்ல மழை. வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு நழுவிய வினோதாவைப் பிடித்து நிறுத்தினார். ஆறாம் ஆண்டுப் பிள்ளை.

"உள்ள வாயேன். ஏன் வெளியவே நிக்கிற?"

அது காலுறை கிழிந்த காலை மறுகாலால் மறைத்தது. "மேசு கிழிஞ்சிருக்குங்க டீச்சர். காலெல்லாம் சேறு. புத்தகத்துல பட்டுச்சுன்னா சாமி குத்தமாயிருமில்ல?"

ஜீவராணிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. லயத்து வரிசை வீடுகளிலிருந்து சேற்றுப் பாதையில் வழுக்கி வழுக்கி இறங்கி வருகிற பிள்ளைகளிடம் போய்ச் சுத்தம் கேட்டு எழுதி ஒட்டியிருக்கிறாரே! வாசிக்க அறை செய்கிறேன் என்று கிளம்பி, கும்பிட ஓர் இடம் செய்து வைத்திருக்கிறார். அந்தக் கடுதாசியை அப்போதே கிழித்தெறிந்தார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். சரஸ்வதி படமும் விளக்கும் மரியாதையாகக் காலைக்கூட்ட மண்டபத்துக்குப் போயின. தோட்டத்தில் மரவேலை பார்க்கும் வீரய்யா அலுமாரிக் கதவுகளைக் கழற்றினார். அலுமாரிகளையே குறுக்கே அறுத்து இரண்டிரண்டாக்கச் சொன்னதும் மனிதர் மரம் அறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டார்.

"புது அலுமாரிங்க டீச்சர். இதப் போயி அறுக்கவா?"

"அறுங்கண்ணே. மூணாம் ஆண்டுப் பிள்ளைக்கும் கை எட்டணும். பேச்சு வாங்குறது நான்தானே."

பனியில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்காமல் தட்டுகளைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டார். உறைகளை உரித்து, அட்டைப்படம் தெரிய நிறுத்தினார். சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாமலிருக்கப் பாயும் அதன்மேல் பழைய கம்பளியும் விரித்தார். சேற்றைத் துடைத்துக்கொள்ள வாசலில் ஒரு சாக்கு.

காலையில் அதிபர் பார்த்துத் திகைத்துப்போனார். "சப்பாத்தோட விடுறியளோ? சரஸ்வதி இருந்த இடமெல்லே!"

"அவங்க இருந்தாங்க சேர். பிள்ளைங்கதான் இல்ல. தவணை முடியிற மட்டும் என்னய விட்டுருங்க."

அதிபர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஜீவராணி வினோதாவைக் கையோடு கூட்டிவந்து, யானைப் படம் போட்ட புத்தகமொன்றைக் கொடுத்தார். பயந்தபடியே நடந்தது. புரட்டிய பக்கத்தில் சேற்றுக் கைப் பெருவிரல் அப்படியே பதிந்துவிட்டது. பிள்ளைக்கு அழுகை முட்டியது. ஜீவராணி அந்தப் பக்கத்தை வாசலில் நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா? சாமி ஒன்னும் சொல்லல. வாங்க உள்ள."

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு அவர்களின் தம்பி தங்கைகள் வந்தார்கள். அப்புறம் கேட்கவே வேண்டாம்.

தவணையின் கடைசி வாரம், ஓர் இடைவேளையில் அதிபர் அளவு நாடாவோடு வந்தார், ஆசிரியர்களின் மேசைகளுக்கு இடம் பார்க்க. வெளியே மழை கொட்டியது. உள்ளே கால் வைக்க இடமில்லை. குப்புறப் படுத்தும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்தும் பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாடசாலையில் அதிபரின் நிழல் தெரிந்தாலே போதும், எழுந்து நின்று "வணக்கம் சேர்" என்று ஒரே குரலில் இழுப்பார்கள். அவர் நின்றார். செருமினார். ஒரு பிள்ளைகூட எழும்பவில்லை. ஒன்றுக்கும் அவர் வந்ததே தெரியவில்லை.

பதறிப்போன ஜீவராணி, "பிள்ளைங்களா..." என்று வாயெடுத்தார்.

"உஷ்!" என்றார் அதிபர். நாடாவைச் சுருட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "குழப்பாதேங்கோ டீச்சர். ஆசிரியர்மாருக்கு வேறை இடம் பாப்பம்."

வந்த வழியே, சத்தம் கேட்காமல் அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனார்.