சத்தியம் பிடித்த மூக்கு

எங்கள் இக்போ இனத்து ஊர்களில், தெய்வத்தின் காட்டில் நின்று சத்தியம் செய்தவன் ஓராண்டு சுகமாக இருந்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் ஊரே அவனோடு குடித்துக் கொண்டாடும். அதற்குள் வயிறோ காலோ வீங்கினால் கதை முடிந்தது, ஆள் பொய்யன். என் சிநேகிதன் ஒக்வுதிலிக்கு வீங்கியது மூக்கு.

வம்சத்துக்குப் பொதுவான யானைத் தந்தம் அவன் பொறுப்பில் இருந்தது, காணாமல் போனது. "நான் எடுத்திருந்தா இந்தக் காடு என்னை எடுக்கட்டும்" என்று சத்தியம் செய்துவிட்டு, வழக்கம்போல் செம்பனை எண்ணெய் காய்ச்சப் போய்விட்டான். சில மாதங்களில் ஒரு பக்க மூக்கு அடைத்தது. பிறகு கண்ணுக்கும் உதட்டுக்கும் நடுவே கல் மாதிரி வீக்கம். வலி கிடையாது. வலித்திருந்தால் நாலு பேர் பரிதாபமாவது பட்டிருப்பார்கள்.

சந்தையில் என் துணிக்கடைக்கு எதிரே அவன் எண்ணெய்க் கடை. பக்கத்து மிளகாய்க்காரி சும்மா இருப்பாளா?

"ஏண்ணே, தந்தத்தை எங்க ஒளிச்சீங்கன்னு ஊரே தேடுது. மூக்குக்குள்ளயா?"

அவனும் சேர்ந்துதான் சிரித்தான். அதோடு எண்ணெய் வாங்க ஆள் வரவில்லை.

உள்ளூர் டாக்டர்களில் ஒருவர் சளி என்றார், இன்னொருவர் கட்டி என்றார். கடைசியில் நானே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு எனுகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி உகோன்வா வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இங்க வேலை இருக்கு" என்றாள்.

டாக்டரம்மா ந்கெம்திலிம் வீக்கத்தின் மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் விரலோடு வந்தது. அடியில் இருந்த கல் அசையவில்லை.

"என்ன தொழில்?"

"எண்ணெய் காய்ச்சறேன்."

"மக்கின குலை, சருகு எல்லாம் அள்ளுவீங்க. அந்தக் கையாலயே மூக்கு நோண்டுவீங்களா?"

"நோண்டாத மனுஷன் யாரு டாக்டரம்மா?"

மூக்குக்குள்ளிருந்து ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை என் மைத்துனன் வீட்டில் தங்கினோம்.

"புற்று இல்ல. பூஞ்சை" என்றார். "மக்கின இலையில, மண்ணுல இருக்கறது. எப்பவாவது ஒருத்தர் மூக்குல போய் வேர்விடும். எங்க சர்வீஸ்லயே அபூர்வமாத்தான் பார்ப்போம். மாத்திரையில குணமாகும்."

"பொய் சத்தியம் பண்ணவனுக்குத்தான் வருமா?" என்றான் ஒக்வுதிலி.

"பூஞ்சைக்கு உங்க பேச்சு புரியாதுங்க."

நாற்பது வயது ஆம்பளை, நர்சுகள் பார்க்க அழுதான். நோய் குணமாகும் என்பதற்கு அல்ல. தான் திருடன் இல்லை என்று முதல்முறையாக ஒருவர் சொன்னதற்கு.

மாத்திரையோடு வீட்டுக்கு வந்தால் ஆட்டைக் காணோம், கிழங்குப் பரணும் காலி. உகோன்வா கண் சிவந்து நின்றாள். எல்லாவற்றையும் காட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, தந்தத்தை எடுத்தது தன் புருஷன்தான், மன்னிக்க வேண்டும் என்று ஊர் முன்னால் வேண்டியிருந்தாள்.

"நீங்க உயிரோட இருந்தாப் போதும். எடுத்திருந்தாலும் எனக்குப் பரவாயில்ல."

"எடுத்திருந்தாலுமா?" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊர் மூத்தவர் ந்வாஃபோரிடம் ஓடினோம். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னோம். கிழவர் பாக்கு மாதிரி கோலாக் கொட்டையை மென்றபடி கேட்டார்:

"பூஞ்சை காடு பூரா இருக்குதேடா. எண்ணெய் காய்ச்சறவனும் ஊர் பூரா இருக்கான். இவன் மூக்கை மட்டும் அதுக்கு யாரு காட்டிக்கொடுத்தது?"

எத்தனையோ மொத்த வியாபாரிகளின் வாயை அடைத்தவன் நான். அன்று செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிய வடிய ஊர் அவனை வாழ்த்தியது. "பாத்தியா, ஒத்துக்கிட்டதும் சாமி விட்டுருச்சு!" மிளகாய்க்காரி ஒரு கை மிளகாய் சும்மா அள்ளிக் கொடுத்தாள். எண்ணெய் மறுபடி விற்றது. அவன் முகம் நேராக நேராக, திருட்டு உறுதியானது.

ஒரு மதியம் என் கடையில் வந்து உட்கார்ந்தான்.

"எனுகு போறேன். மாத்திரை வாங்கியாரவா?" என்றேன்.

"வேணாம். நிறுத்திட்டேன்."

"பைத்தியமாடா உனக்கு? பாதியில விட்டா திரும்ப வரும்னு டாக்டரம்மா சொல்லலை?"

"வரட்டும். பரிகாரம் முடிஞ்சு, மன்னிப்பும் ஆயாச்சு. அப்புறமும் வீங்கினா, இது சத்தியத்தோட வேலை இல்லைன்னு ஆகும்ல?"

"ஆகாதுடா. இன்னும் எதையோ மறைக்கிறான்னுதான் ஊர் சொல்லும்."

அவன் மூக்கின் ஓரத்தை விரலால் அழுத்தித் தேடிக்கொண்டே இருந்தான்.

"ஊர் சொல்லும்" என்றான். "வீட்டையே காலி பண்ணிப் பரிகாரம் வச்ச உகோன்வா சொல்ல மாட்டா."