கொள்ளிவாய் அரசனை ஜெயிக்க இன்னொரு வழி

ஆபீஸ்ல எனக்குப் பட்டாசுன்னு பேரு. வீட்லயும் அதேதான், ஆனா அங்க யாருக்கும் அதை என் முகத்துக்கு நேரா சொல்ற தைரியம் கிடையாது. எங்களுது கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யிற சின்ன கம்பெனி. டயர் கடைக்கு மேல மாடியில நாலு மேஜை, ஒரு ஃபேன். விளையாட்டை வெளியில விடறதுக்கு முன்னாடி ஆடிப் பார்த்து, எங்க உடையுதுன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை. உடைக்கிறதுன்னா எனக்குச் சொல்லவா வேணும்.

விதிகளை எழுதறவ என் நாத்தனார். வீட்ல ஒரே சமையல்கட்டு, ஆபீஸ்ல ஒரே மேஜை. ரெண்டு இடத்துலயும் எங்களுக்கு ஏழாம் பொருத்தம்.

விளையாட்டு இதுதான். உனக்கு ஒரு ராஜ்யம். எதிர்ல கொள்ளிவாய் அரசன்னு நெருப்பு கக்கற ராட்சசன் ஒருத்தன், அவனுக்காகக் கம்ப்யூட்டரே ஆடும். நீ ஒரு முறை, அவன் ஒரு முறைன்னு மாறி மாறி நகர்த்தணும். அவன் கோட்டையைப் பிடிச்சா ஜெயிச்சாச்சு. நாத்தனார் இன்னொரு வழியும் வெச்சிருந்தா. அவன் நாட்டு ஜனத்துல பாதிக்கு மேல தானா விரும்பி உன் நாட்டுக்குக் குடிவந்துட்டாலும் நீ ஜெயிச்ச மாதிரிதான். ரெண்டு வருஷமா அதையே இழைச்சு இழைச்சு எழுதினா. ஆனா ஆபீஸ்ல ஒருத்தராலயும் அந்த வழியில ஜெயிக்க முடியல.

அன்னிக்குக் காலையில முதலாளி முடிவாச் சொல்லிட்டார். சாயங்காலம் விளையாட்டு வெளியே போகுது, அதுக்குள்ள யாராவது அப்படி ஜெயிச்சுக் காட்டணும், இல்லேன்னா அந்த வழியையே தூக்கிடலாம்னார். நாத்தனார் எதுவும் சொல்லிக் குடுக்கவும் கூடாதாம். அதோட விட்டாரா? இது விளையாட்டா இல்ல சத்திரமான்னு ஒரு நக்கல் வேற. அவ முகம் செத்துப்போச்சு. அது போனா நானும் வேலையை விட்டுடுவேன் அண்ணின்னு, தண்ணி பிடிக்கிற இடத்துல மெல்லச் சொன்னா. எனக்குச் சுருக்குன்னுது. அவளை நான் ஆயிரம் சொல்லுவேன், அது எங்க வீட்டு விவகாரம். வேற ஒருத்தர் எப்படிச் சொல்லலாம்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வயல் போட்டேன், கிணறு வெட்டினேன், வைத்தியசாலை கட்டினேன். கொள்ளிவாய் நாட்ல பஞ்சம். ஜனம் மூட்டை முடிச்சோட கிளம்பி வந்துச்சு, வந்து எல்லையில அப்படியே நின்னுடுச்சு. இன்னும் வயல் போட்டேன், ஒரு ஆள் அசையல. நாத்தனார் பின்னாடி நின்னு நகத்தைக் கடிச்சுத் துப்பறா. சாப்பிடக்கூட எழுந்திருக்காம ஆடினேன், தலைவலி வந்ததுதான் மிச்சம்.

கடைசியில எரிச்சல்ல, எல்லையில நின்ன ஒரு பொம்பளை மேல மவுஸால ஒரு தட்டு தட்டினேன். அவ தலைக்கு மேல சின்ன எழுத்துல வந்தது: 'அங்கே வாள் தெரிகிறது.'

யாரோட வாள்? என்னுதுதான். எதுக்கும் இருக்கட்டும்னு எல்லை நெடுக வீரர்களை நிறுத்தி வெச்சிருந்தேன். பக்கத்துல சிறகு முளைச்ச புலிங்க வேற. குழந்தையைத் தூக்கிட்டு எவ உள்ள வருவா?

படையைக் கலைக்கிற பொத்தானை, வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பார்த்ததோட சரி. நிஜ ஆட்டத்துல நான் தொட்டதே இல்லை. இப்போ தொட்டேன். வீரர்களை வயலுக்கு அனுப்பினேன், புலிங்களைக் காட்டுக்கு விரட்டினேன். ஜனம் மடமடன்னு உள்ள வந்துச்சு. பாதிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அதுக்குள்ள கொள்ளிவாய் முறை வந்துடுச்சு. காவல் இல்லைன்னு தெரிஞ்சதும் மொத்தப் படையையும் என் ஊருக்குள்ள இறக்கிட்டான்.

வண்டிச் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நின்ன முதலாளி, முடிஞ்சுதும்மான்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்தது என் முறை, எதிர்த்து நிக்க ஒரு ஈ காக்கா இல்லை. அப்புறம்தான் உறைச்சுது. இவனுங்களும் அந்தப் பஞ்சத்துலேர்ந்துதானே வர்றானுங்க? களஞ்சியத்தைத் திறந்து விட்டேன்.

கொள்ளிவாய் முறை வந்தது. அவன் வீரர்கள் ஈட்டியைச் சுவத்துல சாய்ச்சுட்டுச் சாப்பிட வரிசையா உட்கார்ந்துட்டாங்க. குடிவந்தவங்க கணக்கு பாதியைத் தாண்டிடுச்சு.

"இது பிழைதானே?" முதலாளி திரையைக் காட்டினார். "படைக்காரனைப் போய் ஜனத்தோட சேர்த்து எண்ணுதே."

"அவங்களும் ஜனம்தான் சார்," நாத்தனார் முன்னாடி வந்தா. "நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அவர்கிட்ட அவ அப்படி நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கல.

திரையில கொம்பு ஊதல, கொடி ஏறல. அவ எழுதி வெச்சு யார் கண்ணுலயும் இதுவரைக்கும் படாத வரி மட்டும் வந்தது: 'வென்றீர்கள். வந்தவர்களுக்கு இன்னும் வீடு இல்லை.' கீழே ஒரு செங்கல் படம். ஜெயிச்சாச்சே, ஆட்டம் ஏன் முடியலன்னு கேட்டார் முதலாளி. அவங்களைத் தெருவுலயா படுக்க வைக்கிறதுன்னா நாத்தனார்.

அவர் சாவியை மேஜை மேல போட்டார். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடிச்சவர், ஆத்தோரமாக் கட்டினா தண்ணிக்குச் சௌகரியம்னார். வெள்ளம் வந்தா யார் பதில் சொல்றதுன்னு நான் பிடிச்சுக்கிட்டேன். மேட்டுலதான் கட்டணும்னு நாத்தனார் ஒத்தைக்கால்ல நின்னா. ஒரே கூச்சல், கீழே டயர் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. விளையாட்டை அனுப்ப வேண்டிய நேரம் தாண்டிப் போச்சுன்னு கடைசியில நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

"இரும்மா," அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கல. "இந்தப் படைக்காரங்களுக்கு மட்டும் கூரை போட்டுடறேன். அப்புறம் எதையும் தூக்காம இப்படியே அனுப்பிடலாம்."

நாத்தனார் என் தோள்ல முகத்தை வெச்சு அழுதா. நானும் தள்ளிவிடல.