ஆளுக்குப் பாதி

செவ்வாய்க்கிழமை வருகிறதென்றாலே சாவித்ரிக்கு முதல் நாளே கால் கடுக்கத் தொடங்கிவிடும். புனேயின் கோர்படியிலிருந்து ஆட்டோ, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க இன்னொரு வரிசை, அப்புறம் ஆராய்ச்சிப் பிரிவின் பெஞ்சில் மத்தியானம் வரை காத்திருப்பு. வீட்டுக்காரர் ஜம்புநாதன் உட்கார்ந்த மேனிக்குத் தூங்கிப்போவார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் மாடாய் உழைத்த மனுஷன். இப்போது எலும்புக்குள் மஜ்ஜையெல்லாம் நாராகி, ரத்தம் ஊறுவது நின்றுபோய், அந்த வேலையையும் மண்ணீரல் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வீங்கிக் கிடந்தது. வயிற்றை அதுவே அடைத்துக்கொண்டால் சோற்றுக்கு எங்கே இடம்? அரை தோசையில் தட்டைத் தள்ளிவிடுவார். அந்தத் தட்டைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்காது.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு புது மாத்திரையைப் பரீட்சித்துப் பார்க்க ஆள் சேர்த்தார்கள். டாக்டர் தீப்தி ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப் பெண். பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக விளக்கினாள்.

"பாதிப் பேருக்கு அசல் மருந்து, ஆன்ட்டி. பாதிப் பேருக்கு டம்மி, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே மாலும் இல்ல, தெரியாது."

அதே பெஞ்சில் அதே நோயோடு உட்கார்ந்திருந்தவர் அப்துல் காதர். லோஹேகாவ் விமானப்படை மெஸ்ஸில் சமையல்காரர், ராமநாதபுரத்துப் பக்கம். புனேயில் அவருக்கு நாதி கிடையாது. ஆஸ்பத்திரியில் தமிழ்க் குரல் கேட்டதும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாவித்ரி அன்றைக்கே தங்கச்சி ஆனாள், ஜம்புநாதன் மச்சான் ஆனார்.

பாதிப் பேருக்கு அசல் என்றால் சாவித்ரியின் கணக்கில் இரண்டு பேரில் ஒருவருக்கு. ஒருவருக்கு என்றால் அது தன் புருஷனாக இருக்காது. தன் ராசிதான் அவளுக்குத் தெரியுமே!

"ஏன் பாய், ரெண்டு பாட்டிலையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து பிரிச்சுக்கிட்டா என்ன? ஆளுக்குப் பாதியாவது அசல் கிடைக்கும்ல?"

காதர் பாய் சிரித்தார். "சாப்பாடு பங்கு வைக்கிற மாதிரியில்ல சொல்ற. சரி தங்கச்சி, நீ சொன்னா சரி."

அவ்வளவுதான். ஒவ்வொரு செவ்வாயும் புது பாட்டில் கைக்கு வந்ததும், அவள் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவில் இரண்டையும் கொட்டிக் குலுக்கித் திருப்பி நிரப்புவாள். எல்லாம் ஒரே வெள்ளை. அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

தீப்தி ஒவ்வொரு தடவையும் ஜம்புநாதனின் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, மண்ணீரல் முடியும் இடத்தில் பேனாவால் கோடு போடுவாள். வீக்கம் வடிய வடிய, கோடு மெல்ல மேலே ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜம்புநாதன் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, "சட்னி இன்னும் இருக்கா?" என்றார். சாவித்ரி அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

மறு செவ்வாய் காதர் பாய் பெஞ்சுக்கு வரவில்லை. ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வழிந்து, மேல்மாடி வார்டில் போட்டிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு. கூட யார் என்று நர்ஸ் கேட்டபோது சாவித்ரி, "நான்தான்" என்றாள்.

அதனால்தான் தீப்தி அவளைத் தனியாக அழைத்தாள். அந்தப் பெண்ணுக்கும் முகத்தில் களையே இல்லை.

"எமர்ஜென்சின்னு பாயோட பாட்டில் என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம், ஆன்ட்டி. டம்மிதான். அசல் மருந்துன்னா சிலருக்கு இப்படி ரத்தம் வரும், நிறுத்தினா சரியாயிடும். ஆனா இவர் அதைச் சாப்பிடவே இல்லையே. அப்ப நோய்தான் முத்திப்போச்சு, ரத்தப் புற்றுநோயா மாறுதுன்னு நினைக்கிறோம். நாளைக்கு மறுபடி எலும்புல ஊசி. அப்புறம் கீமோ. தாங்குவாரான்னு தெரியல."

காதர் பாயின் பாட்டில் டம்மி. அப்படியானால் அவரை இப்படி ரத்தம் கக்க வைத்த அசல், தன் புருஷனின் பாட்டிலில் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. பாவி, கையில் இருந்ததைப் பங்கு போட்டு, கட்டியவருக்குப் பாதியைக் குறைத்து, ஊரான் பிள்ளைக்கு விஷமாகக் கொடுத்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இனிமேல் பங்கு கிடையாது. பாட்டில் முழுக்க அவருக்கே. நான்கு தோசை சாப்பிடுவார். மேலே அந்த மனுஷன் இல்லாத நோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு, "தங்கச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே போய்ச் சேருவார். யாருக்குத் தெரியப்போகிறது?

ஐயோ, எவ்வளவு அலுப்பாக இருந்தது அவளுக்கு! உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

"தீப்தி," என்றாள், நின்றபடியே. "பாய் அசல் மாத்திரை சாப்பிட்டிருக்காரும்மா. நான்தான் கலந்து குடுத்தேன்."

கீமோ தேவையில்லை என்றாள் தீப்தி. அப்புறம், அங்கிளின் பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும் என்றாள். இருவரையும் பரீட்சையிலிருந்து எடுத்தாக வேண்டும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றாள்.

"கடையில வாங்கிக்க முடியாதா?"

"இன்னும் எந்தக் கடைக்கும் வரல, ஆன்ட்டி."

வீட்டில் ஜம்புநாதன் கத்தினார். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியலையாடி உனக்கு?" கத்தி ஓய்ந்து அவரே படுத்துக்கொண்டார். பேனாக் கோடு அழியாமல் அவள் குளிப்பாட்டிய உடம்பு அது. கொஞ்ச நாளில் வீக்கம் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஒரு நாள் காலை மறுபடி அரை தோசை தட்டில் கிடந்தது.

அதை எடுத்து வைத்துவிட்டு, கஞ்சியோடு வார்டுக்குப் போனாள். காதர் பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். வாயில் பஞ்சு இல்லை.

"ரத்தம் நின்னுருச்சு தங்கச்சி. மாத்திரை ஒத்துக்கலையாம், அவ்வளவுதானாம். நாளைக்கு வீட்டுக்கு விட்டுடுவாக." கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "மச்சான் நல்லாச் சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாரு பாய்," என்றாள் சாவித்ரி. "மூணு தோசை."