கண்மூடியிருந்தபோது எடுத்த படம்

1

2007ஆம் ஆண்டு அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை. கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகத்தை அவளைக் கேளாமல் படம்பிடித்து, அன்றைய காலை ஆராதனையில் சுவரளவு பெரிதாக்கிச் சபையார் அனைவருக்கும் காட்டினார்கள். இது தவறு. என் முறையீடு இவ்வளவே.

இவ்வளவே என்றால் கதை எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பணிக்காலம் முழுவதும் தமிழிலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கதை எழுதிப் பழகியவன் அல்லன். முதலில் முறையீடாகவே எழுதினேன். முறையீட்டில் பாதிக்கப்பட்டவரின் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், எங்கே வேலை செய்கிறார், எவரோடு தங்கியிருக்கிறார் என்பதும் வேண்டும். அனைத்தையும் முறைப்படி எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது திடுக்கிட்டேன். அவளைத் தேடும் ஒருவனுக்கு அதைவிடத் தெளிவாக எவராலும் வழிகாட்ட இயலாது. தாளைக் கிழித்து அடுப்பில் இட்டேன். கதையில் பெயரை மாற்றலாம், ஊரை மறைக்கலாம்; எவரும் அதைப் பொய்ச்சாட்சி என்று சொல்வதில்லை. ஆகவே கதை.

அவள் பெயர் விஜயராணி என்று வைத்துக்கொள்வோம். தென்மாவட்டத்தில் பிறந்தவள். தன் கையை முறித்த கணவனிடமிருந்து தப்பி, பெற்றவளுக்கும் சொல்லாமல் பேருந்தேறித் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலையில் சேர்ந்தாள். (செக்கிங் என்பதும் நான் மாற்றியதே. விசாரித்துப் பயனில்லை.) அவள் இருக்குமிடம் அந்தக் கணவனுக்குத் தெரியக்கூடாது. இக்கதையில் காக்கப்பட வேண்டியது அது ஒன்றே.

2

தொடக்கம், முதல் வரைவு: ‘பெருமாநல்லூர்ச் சாலையில், மூடிப்போன பனியன் கம்பெனி ஒன்றின் தகரக் கொட்டகையில் அந்தச் சபை கூடிவந்தது.’ அடித்துவிட்டேன். மங்கலம் சாலை என்று மாற்றினேன். அங்கேயும் அப்படியொரு கொட்டகை இருக்கிறதென்பது நினைவுக்கு வந்ததால் அதையும் அடித்தேன்.

தொடக்கம், மற்றொரு வரைவு: ‘அவளுடைய இடப்புருவத்தின் மேல் ஒரு’

இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். முடித்தால் நானும் அவளைப் படம் எடுத்தவன் ஆவேன். ஆகவே, கதை முழுவதிலும் விஜயராணிக்கு முகமில்லை. முகம் இருந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றினால் அந்த விருப்பத்தைச் சற்றுக் கவனியுங்கள். கதை அதைப் பற்றியதுதான்.

3

சபையின் போதகர் டேனியல் நல்லவர்.

(இவ்வாக்கியத்தை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. அவர் நல்லவர்தாம்; என் அதிர்ச்சியே அதுதான்.)

பெங்களூரில் ஏதோ மாநாட்டுக்குப் போனவர், அங்கே தொடர்பிரசங்கத்துக்கு முன்னால் சிறு படம் ஒன்று ஓடுவதைக் கண்டு மயங்கித் திரும்பினார்.

“இன்ட்ரோ வீடியோங்க சார். ஒரு நிமிசந்தான். சனங்க பேச்ச நிறுத்திப்போட்டு நிமுந்து உக்காந்துருவாங்க.”

“வேத வசனத்துக்கு முன்னோட்டம் எதுக்குங்க? சினிமாவா ஓட்டறோம்?”

“சினிமாக் கொட்டாயிக்குப் போறவனையும் உள்ள கொண்டாரோணுமில்லீங்க?”

தொடரின் தலைப்பு ‘தேடிக் கண்டடைந்தார்’. காணாமற்போனவர்களைக் கடவுள் தேடிவருவது பொருள். படம் செய்யும் பொறுப்பு பிரதீப்புக்கு. அவர் சபையைச் சேர்ந்தவர் அல்லர். திருமண வீடியோ எடுப்பவர். அவர் கொண்டுவந்த முதற்படியில் தலைப்பைச் சுற்றி ரோஜா இதழ்கள் உதிர்ந்தன; இரண்டு இதயங்கள் பறந்துவந்து ஒட்டிக்கொண்டன. போதகர் பதறி நீக்கச் சொன்னார். சிலுவை, மேகம், ஒளிக்கதிர் ஆகியவை கணினியிலேயே கிடைத்தன. கிடைக்காதவை முகங்கள் மட்டுமே. நம்மூர் முகங்களாகவும், மெய்யாகவே அழும் முகங்களாகவும் இருக்க வேண்டுமென்று போதகர் விரும்பினார்.

அந்த முகங்களைத் தாம் எப்படி எடுத்தார் என்பதைப் பிரதீப்பே பின்னர் எனக்கு விளக்கினார். தொழில் நுணுக்கத்தைப் பகிர்பவரின் மகிழ்ச்சி அவர் பேச்சில் இருந்தது.

“ஜெபத்துலதாங்க சார் எடுக்கோணும். கண்ணு தொறந்திருந்தா, கேமராவப் பாத்ததும் தலையக் கோதிக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சுருவாங்க. கல்யாண ஊட்டுல எந்நேரமும் இதே ரோதனைங்க. இங்க பாருங்க, பாஸ்டர் ‘கண்களை மூடுவோம்’னா மொத்த சனமும் மூடிக்குது. மூஞ்சிக்கு நேரா போய் நின்னாக்கூடத் தெரியறதில்லீங்க. படம் அப்படி உளுகுது!”

கடவுளுக்கு முன் கண்ணை மூடுகிறவர், அந்நேரம் மனிதர் எவரும் தம்மைப் பார்க்கவில்லை என்று நம்பியே மூடுகிறார். அந்த நம்பிக்கையைப் படப்பிடிப்புக்கு ஏற்ற வசதியாக ஒருவர் கருதக்கூடும் என்பது அந்த நாள்வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

4

விளக்குகளை அணைத்தார்கள். வெள்ளையடித்த சுவரில் மேகங்கள் ஓடின. இடியோசையோடு தலைப்பு வந்து விழுந்தது. ‘தேடி கண்டடைந்தார்’ என்று, ஒற்று மிகாமல். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கையில் இசை உயர்ந்தது. சுவர் முழுவதும் விஜயராணி. முக்காடு நழுவியிருந்தது, கண்கள் மூடியிருந்தன, அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதோடு நிறுத்துகிறேன்.

பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி விழுந்தது. யாரோ வெளியே விரைந்தார்கள்.

ஆராதனை முடிந்தபின், செருப்புகள் கிடக்கும் இடத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். சபைக்குழுவில் நான் இருப்பது அவளுக்குத் தெரியும்.

“சார், எம் மூஞ்சி அதுல வந்துட்டு. எடுக்கச் சொல்லுங்க.”

“பாஸ்டர்கிட்டக் கேட்டியாம்மா?”

“கேட்டுட்டேன். அது சாட்சியாம், அப்படித்தான் சொல்லுதாக.” குரலைத் தாழ்த்தி, தான் வந்த கதையைச் சொன்னாள். “அவுக கண்ணுல பட்டா வந்துருவாக சார். வந்தா என்னைய உசுரோட விடமாட்டாக.”

நான் கூட்டத்தில் போதகரைத் தேடித் திரும்பினேன்.

“நான் அழுதது கடவுள்ட்ட. இவ்வளவு பேர்ட்டயும் இல்ல” என்றாள்.

போதகரிடம் சென்று அனைத்தையும் சொன்னேன். அவர் வருந்தினார். வருந்தியபடியே மறுத்தார்.

“நாலு செவுத்துக்குள்ள ஓடற படமுங்க சார். அவிய ஊரு எங்க, நம்மூரு எங்க? அந்தப் புள்ள அழுகறதப் பாத்து எத்தன பேரு கரைஞ்சாங்க, நீங்களே பாத்தீங்கல்ல?”

“கரையறதுக்கு வேற முகம் போடுங்க. என் முகத்தப் போடுங்க.”

“உங்க மூஞ்சியப் பாத்து யாருங்க சார் கரைவாங்க? வீட்டுப்பாடம் எழுதலையேன்னு வெளிய ஓடிப்போயிருவாங்க.”

அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரதீப்பிடம் கேட்டபோது அவர் வேறொரு காரணம் சொன்னார்: “அந்த ஷாட்டுலதாங்க மியூசிக் ஏறுது. அத எடுத்தா மொத்தத்தையும் திரும்ப அடுக்கோணும். எனக்கு முகூர்த்த வேலை தலைக்கு மேல கெடக்குதுங்க.”

ஒரு பெண்ணின் உயிர் ஒரு பக்கம். ஏறிய இசை மறுபக்கம். இசை வென்றது. வாரந்தோறும் அதே படம் ஓடிற்று. அது ஓடி முடியும்வரை வெளியே நின்றுவிட்டு, அதன்பிறகே விஜயராணி உள்ளே வந்தாள்.

5

தீபாவளிக்குத் திருப்பூர் தன் மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு வெறுமையாகும் என்பது நீங்கள் அறிந்ததே. தெற்கே புறப்பட்ட சபைக் குடும்பங்களுக்குப் போதகர் அந்தப் படம் பதிந்த சி.டி. ஆளுக்கொன்று கொடுத்தார். சொந்தபந்தங்களுக்குப் போட்டுக்காட்டுங்கள் என்றார். உறையின் பின்புறம் சபையின் பெயரும் முகவரியும் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. நாலு சுவரைப் பற்றித் தாம் சொன்னதை அவர் மறந்தே போனார்.

அந்தச் சி.டி. எந்த வீட்டில் ஓடிற்று, எவர் கண்டார் என்பது எனக்குத் தெரியாது. கற்பனை செய்து எழுதிப் பார்த்தேன்:

‘முறுக்குத் தட்டோடு வந்த பக்கத்துவீட்டுக்காரி தொலைக்காட்சியைப் பார்த்துக் கூவினாள்: “ஏ, இது நம்ம விஜி இல்லா! உசுரோடத்தான் இருக்கா! யாராவது இவ புருசன் இசக்கிமுத்துட்ட ஓடிப்போய்ச் சொல்லுங்கல!”’

நன்றாகத்தான் வந்திருக்கிறது. எனினும் இதைப் பிறரிடம் மெய்யென்று சொல்லாதீர்கள். அந்தக் கூவலில் மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. பழி மட்டும் அந்தப் பக்கத்துவீட்டுக்காரிமேல் விழுந்துவிடும்.

6

நவம்பர் 18. இசக்கிமுத்து சபைக்கு வந்தான்.

இந்தப் பாத்திரத்தை என்னால் சரியாக எழுத முடியவில்லை. முதல் வரைவில் அவனுக்குச் சிவந்த கண்களும் சாராய நெடியும் கொடுத்தேன். கண்டதும் வாசகர் வெறுப்பார். என் வேலை எளிதாகும். ஆனால் வந்தவன் சலவைச் சட்டை அணிந்திருந்தான். போதகரின் அறைக்குள் நான் நுழைந்ததும் எழுந்து, “ஐயா, நீங்க இருங்க” என்று தன் நாற்காலியைத் தந்தான். முழந்தாளிட்டு அழுதான். “நான் திருந்திட்டேன் பாஸ்டர். அவ வந்தாப் போதும்” என்றான். கொடியவனாக எழுதினால் அவனை நம்பிய போதகர் மூடராகிவிடுவார். அவர் மூடர் அல்லர். மனிதன் திருந்துவான் என்று நம்புவது அவர் பணி. அவன் மெய்யாகவே திருந்தியிருக்கவும் கூடும், எனக்குத் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்க யாருடைய கையைப் பணயம் வைப்பது என்பதே கேள்வி.

“அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா பாஸ்டர்?”

“மேடையிலயே கேட்டுப்போடலாங்க சார்!” அவர் முகம் ஒளிர்ந்தது. “பிரதீப்ப வரச்சொல்லிட்டேன். கடைசி வார வீடியோவே இதுதானுங்க. காணாமப்போன சம்சாரம், தேடிவந்த புருசன்!”

அவர் கொடுமைக்காரராக இருந்திருந்தால் இதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

அவளை எச்சரிக்க வாசலுக்கு ஓடினேன். அதற்குள் படம் முடிந்து, அவள் பக்கவாசல் வழியே உள்ளே போய் அமர்ந்துவிட்டாள். நான் திரும்பிவருமுன் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லி அழைத்தது.

7

இவ்விடத்தில் எனக்கோர் அழகிய முடிவு தோன்றிற்று. போதகர் ‘கண்களை மூடுவோம்’ என்கிறார்; அனைவரும் மூடுகிறார்கள்; திறக்கும்போது அவள் இருக்கை காலி. எழுதிப் பார்த்து, என்னையே மெச்சிக்கொண்டு, பிறகு அடித்துவிட்டேன். அவள் ஓடவில்லை.

அருகில் அமர்ந்திருந்த மருதாள் அவளை அன்போடு உந்தினார். “எந்திரி கண்ணு! உன்ற ஊட்டுக்காரரு எத்தன தொலைவுலருந்து வந்துருக்காரு. வெக்கப்படாம போ சாமி!”

சபை கைதட்டியது. கேமராவின் விளக்கு எரிந்தது. மேடையில் இசக்கிமுத்து இரு கைகளையும் நீட்டினான். “வா விஜி. போவோம்” என்றான், மெதுவாக.

அவள் அவனைப் பார்க்கவில்லை. நேரே பிரதீப்பிடம் நடந்து, கேமராவின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

“அண்ணே, மொதல்ல இத அணைங்க. பொறவு பேசுதேன்.”

பிரதீப் போதகரைப் பார்த்தார். நிறுத்தாதே என்று போதகர் சைகை செய்தார்.

“பேட்டரி தீந்துபோச்சுங்க பாஸ்டர்.”

“இப்பத்தான மாத்துனே?”

“அதுவும் தீந்துபோச்சுங்க.”

விளக்கு அணைந்தது.

[பிரதீப் திடீரென்று இவ்வளவு நல்லவராகிவிட்டாரே என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. பின்னர் அவரிடமே கேட்டேன். “லென்ஸுல கைரேகை அப்பிருச்சுங்க சார். அதுக்கப்புறம் எடுத்து என்ன பிரயோசனம்?” என்றார். எதை நம்புவதென்று நான் முடிவு செய்யவில்லை.]

விஜயராணி சபையை நோக்கித் திரும்பினாள். எல்லாருடைய கண்களும் திறந்திருந்தன. அவள் பேசினாள்.

8

[                    ]

9

மேலுள்ள வெற்றிடம் அச்சுப்பிழை அன்று. கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டு அவள் பேசியது, அங்கே இருந்தவர்களுக்காகப் பேசியது. என் பேனாவும் அந்தக் கேமராவைப் போன்ற கருவியே. அதற்கு மட்டும் விதிவிலக்குக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதுவரை எழுதியதை நண்பர் பழனிமுத்துவிடம் படிக்கக் கொடுத்தேன். எறும்புக்கும் வழிவிடுகிறவர் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அப்புறம் என்னாச்சுங்க? அந்தப் புள்ள இப்ப எங்கீங்க இருக்குது?”

இசக்கிமுத்து போதகரிடம் கேட்டதும் இதே கேள்விதான். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டான்.

ஆகவே பழனிமுத்துவுக்கு மூன்று முடிவுகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் அவள் அவனோடு பேருந்தேறித் தெற்கே போகிறாள். மற்றொன்றில் அதே கம்பெனியில், அதே மேசையில் வேலையைத் தொடர்கிறாள். சபையின் பெண்கள் முறைவைத்து அவளோடு நடக்கிறார்கள். இன்னொன்றில் கொமரலிங்கம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். மூன்றையும் உங்களுக்கும் தருகிறேன். மூன்றில் ஒன்று மெய்யாக இருக்கலாம். ஒன்றும் மெய்யில்லாமலும் இருக்கலாம். இந்தப் புத்தகமும் ஒரு பையில் ஏறி எந்த ஊருக்கும் போகக்கூடியது; எவர் கையிலும் விழக்கூடியது. எவர் எந்த முடிவைப் பிடித்துக்கொண்டு போனாலும் வெறும் வாசலில் போய் நிற்கும்படியே எழுதியிருக்கிறேன்.

வாசகரே, இனி உமக்குத்தான் சொல்கிறேன். இக்கதையின் தொடக்கத்திலிருந்து நீரும் அவளைத் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறீர். எந்தச் சாலை, எந்தக் கம்பெனி, புருவத்தின் மேல் என்ன என்று. போதும், நிறுத்தும். இக்கதையைப் பற்றி நீர் எவரிடமேனும் பேசும்போது, அவர் அவளைப் பற்றிக் கேட்பார். அவர் உறவினராக இருக்கலாம், ஊழியக்காரராக இருக்கலாம், வெறும் ஆர்வத்தால் கேட்கும் நல்லவராகவும் இருக்கலாம். எவராயினும் உமது விடை ஒரே சொல்லாக இருக்க வேண்டும். தயக்கமின்றி வர வேண்டும். தயக்கமின்றி வருவதற்குப் பயிற்சி வேண்டும். மனத்துக்குள் சொன்னால் பயிற்சியாகாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

அவள் இப்போது எங்கே?

‘தெரியாது.’

எங்கே, சொல்லும்.