களிமண் உறை

பிரிட்ஜ்வாட்டர் வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயாகிவிட்டது. கணவன் ஜெயபிரகாஷ் வேறு மாநிலத்தில், ரவுண்ட் ராக்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். பள்ளி ஆண்டு முடிந்ததும் கண்மணியும் பதினொரு வயது மகள் வெண்பாவும் போய்ச் சேர வேண்டும்.

"நீங்க வெண்பாவைக் கூட்டிட்டுப் போங்க. நான் ஒரு வருசம் கழிச்சு வர்றேனுங்க" என்று போன செவ்வாய்க்கிழமை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணவனிடம் போனில் சொல்லியிருந்தாள் கண்மணி. ஏழு வருடம் வீட்டிலேயே கிடந்த பிறகு கிடைத்த நூலக வேலை அது. விட மனம் வரவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரே அலமாரியை மூன்று முறை அடுக்கினாள்.

வெண்பாவுக்குப் பள்ளியில் மெசபடோமியா பாடம். சாப்ஸ்டிக் முனையால் களிமண் பலகையில் ஆப்பு ஆப்பாக எழுத்துகளை அழுத்தி, அதன்மேல் இன்னொரு களிமண் உறை போட்டு மூடியிருந்தாள். அந்தக் காலத்துக் கடிதமாம். யாருக்கு வந்ததோ அவர்தான் உடைக்க வேண்டுமாம்.

"யாருக்குக் கண்ணு?"

"இட்ஸ் ப்ரைவேட், அம்மா."

அம்மாவுக்குத் தெரியாமல் எதையும் எழுதாத பெண்.

சனிக்கிழமை மத்தியானம் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். புகை அலாரம் அலறியது. ஓவனைத் திறந்தால், உள்ளே அடுக்கி வைத்திருந்த வாணலிகளின் கைப்பிடி உருகி வழிந்துகொண்டிருந்தது.

"ஓவனை யாராச்சும் ஆன் பண்ணுவாங்களா?" என்று கத்தினாள் கண்மணி.

"ஓவன்ல யாராச்சும் பாட்ஸ் வெப்பாங்களா?"

"எல்லாரும்தான். பக்கத்துல வசந்தாமணி ஆன்ட்டி வீட்ல போய்ப் பாரு!"

"க்ளே சுட்டாதான் அழியாது. அந்தக் காலத்து லைப்ரரியே எரிஞ்சு போச்சாம், க்ளே டேப்லெட்ஸ் மட்டும் அப்படியே இருந்துச்சாம்."

மேல் தட்டில், ஈரம் காயாத உறை வெடித்துச் சிதறியிருந்தது. உள்ளே இருந்த பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"உனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் வெண்பா அவசரமாக.

எந்தக் குறி எந்த ஆங்கில எழுத்து என்று டீச்சர் கொடுத்த தாள் பிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருந்தது. கண்மணி அதைப் பிய்த்தெடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு குறியாகத் தேடினாள். ஆங்கில எழுத்தில் தமிழ். அம்மா என்று தொடங்கியது. அடுத்து இரண்டே வரி. நீ போன்ல பேசுனதை நான் கேட்டுட்டேன். என்கிட்ட எப்ப சொல்லுவ?

போன் அடித்தது. சனிக்கிழமை மூன்று மணி என்றால் ஜெயபிரகாஷ்தான். வெண்பா போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அது அடித்து ஓய்ந்தது.

"அப்பாகிட்ட அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் கண்மணி. "இப்ப வரலேன்னு சொன்னது நெசம் கண்ணு. ஒரு வருசம்னு சொன்னது நெசமான்னு எனக்கே தெரியல."

வெண்பா ஆறாத பலகைத் துண்டு இரண்டையும் கைத்துணியால் பிடித்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். நடுவில் ஒரு சில்லு குறைந்தது. இருவரும் அதை ஓவனுக்குள் தேடத் தொடங்கினார்கள்.