வீடு திரும்பிய குப்பைப் பைகள்

மே மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, ஹமனோ நகரத்தின் மூன்றாம் பேட்டையில் பதினொரு குப்பைப் பைகள் மேட்டுத் தெருவில் ஏறி, தத்தம் வீட்டுக்குத் திரும்பிப் போயின. முந்தைய நாள் மழை பெய்திருந்ததால் இரண்டு பைகள் வழுக்கி விழுந்து எழுந்தன. ஆனாலும் எதுவும் வீடு மாறிப் போகவில்லை.

எங்கள் ஊரில் குப்பை விளையாட்டுக் காரியமல்ல. எரியும் குப்பை செவ்வாய், வெள்ளி. பிளாஸ்டிக் புதன். கண்ணாடிப் புட்டிக்கு மாதத்தில் இரண்டே திங்கள். மாற்றிப் போட்டால் லாரிக்காரர் பையில் சிவப்புச் சீட்டு ஒட்டி, மேட்டடியில் இருக்கும் பொதுக் குப்பைக் கூண்டிலேயே விட்டுவிட்டுப் போவார். ஒரு வருடமாக அப்படிப் பைகள் தேங்கின. யார் போட்டது என்று ஒருவரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: வகாபா குடியிருப்பு, நூற்றிரண்டாம் எண். அங்கே நேபாளத்திலிருந்து வந்த சரிதா தாமாங்கும் அவள் கணவன் தாவாவும் நான்கு வருடமாகக் குடியிருந்தார்கள். இருவருக்கும் உணவுப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை. பேட்டைச் சங்கத் தலைவர் குரோயிவா, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அவர்களைக் காலி செய்ய வைக்கும்படி வீட்டுக்காரருக்கு ஒரு மனு எழுதினார். மனு சுற்றறிக்கைப் பலகையில் செருகப்பட்டு வீடு வீடாகப் போனது. பலகை வந்தால் கையெழுத்துக்குப் பதில் வீட்டு முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுப்பது எங்கள் வழக்கம், படிப்பது வழக்கமில்லை. நாற்பத்துமூன்று வீட்டு முத்திரையும் விழுந்தது. நூற்றிரண்டுக்குப் பலகை என்றைக்குமே போனதில்லை.

சலவைக்கடை கினுவேயும் அப்படித்தான் குத்தினாள். ஏப்ரல் கடைசியில் சரிதா ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தாள்.

"கினுவே-சான், இதுல என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

கினுவே சத்தமாகப் படித்தாள். மே மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூடவே இணைத்திருந்த மனுவில் நான்காவது முத்திரை அவளுடையது. "இதுல நானும் குத்தியிருக்கேம்மா" என்று அவளே சொல்லிவிட்டாள். சரிதா கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, சலவைக்குப் போட்ட சீருடை எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சலவைக்கடைக் கதவில் 'சரிதா வீட்டாருக்குத் துணை நிற்பவர்கள் உள்ளே வரவும்' என்று ஒரு தாள் தொங்கியது. வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முடிதிருத்தும் இக்கெதா. இன்னொருவர் இறைச்சி சுடும் கடை வைத்திருக்கும், கொரிய வம்சத்துப் பாக்.

"எங்கப்பாவுக்கும் இதே மாதிரி கடுதாசி வந்துச்சு," என்றார் பாக். "அப்ப குப்பைன்னு சொல்லல, பூண்டு நாத்தம்னாங்க. இப்ப அப்படிச் சொன்ன அதே அக்கம்பக்கத்துக்காரங்கதான் வாரத்துல ரெண்டு நாள் வந்து, பூண்டு இன்னும் கொஞ்சம் போடுங்கறாங்க."

மூவரும் உண்மையான ஆளைப் பிடிக்க, அதிகாலை ஐந்து மணியிலிருந்து கூண்டுக்குப் பக்கத்தில் முறைவைத்து நின்றார்கள். மூன்று வாரம் நின்றும் ஒருவரும் சிக்கவில்லை. அடுத்தவர் பையைப் பார்ப்பது எங்களிடம் மகா அநாகரிகம். யாராவது பையோடு வந்தால், காவல் நிற்பவர் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, வந்தவர் திரும்பிப் போகும்வரை மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கெடு முடியப் பன்னிரண்டு நாளோ என்னவோ இருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. இரவு வேலை முடிந்து திரும்பிய சரிதா, லாரிக்காரர் விட்டுப்போன பதினொரு பைகளைப் பார்த்தாள். களைப்பில் கோபம் பொங்கிவிட்டது. நாக்கால் ஒரு சத்தம் எழுப்பி, தன் மொழியில் ஏதோ சொல்லி, கையை வீசினாள். பைகள் எழுந்து நடந்தன.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள் அன்று காவலுக்கு நின்ற கினுவே.

"வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன். எங்க ஊர்ல ஆட்டை இப்படித்தான் ஓட்டுவோம்."

"ஆடு கேக்குமா?"

"இதுங்க அளவுக்குக் கேக்காது."

ஒரு பை குரோயிவாவின் வாசலில் போய் உட்கார்ந்தது. உள்ளே, மருத்துவர் அவருக்கு விலக்கியிருந்த இனிப்பு உருண்டைகளின் பிளாஸ்டிக் டப்பாக்கள் பத்தொன்பது. அவர் அதைத் திரும்பத் திரும்பக் கூண்டில் கொண்டுபோய் விட்டார்; மூன்றாம் முறை திரும்பி வந்தபோது அது அழைப்பு மணியை அடித்தது. மனைவி கதவைத் திறந்து, "வாங்க, உள்ள வாங்க" என்று பையை வரவேற்றாள். கணவரிடம் அன்று முழுவதும் பேசவில்லை. இன்னொரு பை என் வீட்டுக்கு வந்தது. மீன் முள்ளோடு கிடந்த பியர் டப்பாக்கள் என்னுடையவைதான்; மனுவில் முப்பத்தொன்றாம் முத்திரையும் என்னுடையதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

பைகளைப் பிரித்துச் சரியாகக் கட்டிய பிறகும் அவை வாசலை விட்டு அசையவில்லை. கினுவே, மனுவைத் திரும்பப் பெறும் கடிதம் ஒன்றை எழுதிப் பலகையில் செருகினாள். இந்த முறை எல்லோரும் படித்தார்கள். முத்திரை விழ விழ, பைகள் ஒவ்வொன்றாக மேட்டிலிருந்து இறங்கின. கடைசிவரை உட்கார்ந்திருந்தது குரோயிவாவின் பை. இருபத்தொன்பதாம் தேதி அவர் முத்திரையைக் குத்தி, பலகையைத் தானே நூற்றிரண்டுக்கு எடுத்துப் போனார். கதவைத் திறந்த சரிதாவிடம் பலகையை நீட்டினார்.

"நான் எங்க குத்தணும்?" என்றாள் சரிதா.

"எங்க வேணாலும் குத்துங்க," என்றார். "படிச்சிட்டுக் குத்துங்க."

வீட்டுக்காரர் மறுநாளே கெடுவை விலக்கிக்கொண்டார்.

ஜூலையில் ஒரு காலை தாவாவின் பையும் திரும்பி வந்தது. எரியும் குப்பைக்குள் ஒரு சாஸ் புட்டி. தெருவே வாசலில் நின்று, அது நூற்றிரண்டுக்குள் நுழைவதைப் பார்த்தது. ஒருவரும் மனு எழுதவில்லை. குரோயிவா மட்டும் வேலியோரம் போய், "எனக்கு மூணு தடவ வந்துச்சு" என்று தாவாவுக்கு ஆறுதல் சொன்னார். இந்த வருடத்துக் குப்பை அட்டவணையில், புட்டி நாட்களுக்குக் கீழே ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'வீடு திரும்பும் பைகளைக் காலை எட்டு மணிக்குள் உள்ளே அழைத்துக்கொள்ளவும்.' அதன் அடியில் நாற்பத்துநான்கு முத்திரைகள்.